ஜாஸ்மினுக்கு வலது பக்கம் ஒரு ஈயம் கூடுதல்

ஜாஸ்மின் போய்விட்டாள்... இன்று காலை.

எங்கள் பவளப்பாறை சர்வே டீமில் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள்.

எங்கள் முதல் டைவ். குண்டான உடம்பு மிதந்துவிடும் என்ற பயத்தில் கிடைத்த ஈயக் கட்டிகளையெல்லாம் இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொண்டு குதித்தேன். தண்ணீருக்குள் படுக்கவே முடியவில்லை. கால் கீழே, தலை மேலே... நான் உதைத்த உதையில் மணல் கிளம்பி, கேமராவில் ஒன்றுமே தெரியவில்லை.

படகில் ஏறியதும் ஒருவன், "மேடம் தூத்துக்குடிக்கு அடியிலேயே நடந்து போயிருவாவ போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டவலால் முகத்தை மூடிக்கொண்டு, நாளைக்கே வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

"ஏளா, ஒன் உடம்புல ஒரு கொறையும் இல்ல. எல்லாத்தையும் இடுப்புலயே கட்டுனா காலு கீழதான் போவும்."

பெல்ட்டிலிருந்து பாதி ஈயத்தைக் கழற்றி, என் முதுகிலிருந்த காற்று டேங்கின் பட்டையில் தோள் உயரத்துக்கு மாட்டினாள் ஜாஸ்மின். மறுபடி இறங்கினோம். உடம்பு தானாகவே மட்டமாகப் படுத்தது.

போன வருஷம் அவளுக்கு மார்பில் கேன்சர். இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

திரும்ப டைவுக்கு வந்த நாளில், உடை மாற்றும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அங்கன என்னத்தளா பாக்க? ஜிப்ப இழுத்து விடு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டுதான் இழுத்தேன். சே...

தண்ணீருக்குள், மிதக்க வைக்கும் சதை போய்விட்ட இடது பக்கமாகவே அவள் சாய்ந்தாள். நிமிர நிமிரச் சாய்ந்தாள். மேலே வந்ததும் மாஸ்க்கைக் கழற்றாமலே அழுதாள்.

"அசிங்கமா இருக்குளா. யாரும் பாத்தாவளா?"

"நான் மட்டுந்தான் பாத்தேன்."

அவளுடைய பெல்ட்டின் இடது பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு ஈயத்தை எடுத்து வலது பக்கம் போட்டேன்.

அடுத்த முறை சாயவில்லை. கடல்புல்லுக்கு ஒரு சாண் மேலே, கைகளைக் கட்டிக்கொண்டு, அசையாமல் கிடந்தாள். போகலாமா என்று சைகை காட்டினேன். மாட்டேன் என்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் டைவுக்கு வரவில்லை. நோய் திரும்பிவிட்டது.

இன்று மத்தியானம் அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். "போஸ்டருக்கு ஒரு போட்டோ வேணும். படகுல சிரிச்ச மாரி இருந்தா அனுப்புங்க."

என்னிடம் ஒன்றுகூட இல்லை.

அவளோடு எடுத்த படத்திலெல்லாம் பக்கத்தில் நான் இருப்பேன்... வெட்சூட்டுக்குள் பிதுங்கிக்கொண்டு. பார்க்கப் பிடிக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். என் வயிற்றை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவள் சிரிப்பைப் பார்க்கவில்லை.

"தேடிப் பாக்கேன்" என்று அவரிடம் பொய் சொன்னேன். இதை எழுதவே கூசுகிறது.

நாளை சாயங்காலம் தருவைகுளத்தில் அடக்கம்.

டீமில் யாரிடமாவது அவள் படம் இருந்தால் உடனே அனுப்புங்கள். பக்கத்தில் நான் இருந்தால் வெட்ட வேண்டாம்... அப்படியே அனுப்புங்கள்.

போயிட்டு வாளா, ஜாஸ்மின்.