சாம்பல் போட்ட தவறணை

அந்தோனியம்மாவுக்குத் தவறணையில் வேலை என்றால் யாழ்ப்பாணத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அங்கே அது கள்ளுக்கடை. மலையகத்தில், தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் அது தேயிலைக் கன்று வளர்க்கும் இடம். முட்டி தேய்ந்து மலையேற முடியாமல் போன பிறகு அவளுக்குக் கிடைத்த, உட்கார்ந்து செய்யும் வேலை. இதை விட்டால் மறுபடி கொழுந்து பறிக்க மலைதான். அந்தப் பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

அந்தப் பயம்தான் காரியத்தைக் கெடுத்தது. கன்றுகள் நன்றாக வரட்டும் என்று, தோட்ட வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் முட்டைக்கோஸ் வளரும் தன் கோவாப் பாத்திக்குப் போடுவதுபோல், அடுப்புச் சாம்பலை வாரி வந்து கன்று நடும் மண் குவியலில் கலந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. கோவாவுக்கு நல்லதென்றால் தேயிலைக்கு ஆகாமலா போகும்?

ஆகவில்லை. இலையோடு நட்ட தண்டுகள் பச்சையாகத்தான் நின்றன, வேரைத்தான் காணோம். கன்றுகளைப் பார்க்க வந்த அலுவலர் ஜெசிந்தினி, மடுல்சீமை லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவள், ஒன்றைப் பிடுங்கிக் காட்டினாள். வெட்டிய நுனியில் வெள்ளையாக ஓர் உருண்டை.

“செத்துருச்சா மிஸ்?”

“இல்லக்கா. என்னவா ஆகிறதுன்னு தெரியாம நிக்குது. நம்ம லயத்துக் காம்பராவப் பாருங்க. பாய விரிச்சா படுக்கிற எடம், அடுப்பப் பத்த வச்சா குசினி. எடம் ஒண்ணுதான். இதுவும் அப்படித்தான். இலையா, தண்டா, வேரா ஆகுற மரபணு எல்லாமே ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் இருக்கு. எது முழிக்குது, எது தூங்குதுங்கிறதுலதான் எல்லாம். வேருக்கானது இன்னும் முழிக்கல. தேயிலைக்குப் புளிப்பு மண்ணு வேணும். இதுல புளிப்ப முறிக்கிற என்னமோ கலந்துருக்கு.”

கங்காணி பொன்னையா ஒத்துக்கொள்ளவில்லை. “மண்ணுல ஒண்ணுமில்லங்க. மழை கூடிப்போச்சு. இதத் தூக்கி வீசிட்டு, அந்தக் குவியல்லயே புதுசா போட்டுருவோம்.”

பேசாமல் இருந்தால் வேலை நிலைக்கும். புதிய கன்றுகளுக்கும் இதே கதிதான். அந்தோனியம்மா எழுந்து நின்றாள்.

“சாம்பல் போட்டது நான்தான்.”

பொன்னையா திட்டவில்லை. மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் அவள் பெயரை மலைக்குக் கூப்பிட்டார். ஜெசிந்தினி தண்டுகளை வேறு மண்ணுக்கு மாற்றினாள்.

சில வாரங்கள் கழித்துப் பொன்னையா கொழுந்து மலைக்கே வந்தார். அந்தோனியம்மா ஒரு காலைச் சாய்த்து வைத்துப் பறித்துக்கொண்டிருந்தாள்.

“முக்கால்வாசி வேர் விட்டுருச்சு. மண்ண மாத்துனதும் புடிச்சிக்கிருச்சு.”

அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. “அப்ப நான் தவறணைக்கு வரலாங்களா?”

“அங்க வேற ஆள் போட்டாச்சு.”

அவள் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டாள்.

“என்னையும் மண்ணு மாத்தித்தான் வச்சிருக்கீங்க கங்காணி. இந்த முட்டிதான் இன்னும் முழிக்க மாட்டேங்குது.”

சொல்லிவிட்டு அடுத்த நிரைக்கு ஏறினாள்.