தவறணை வாசலில் ஓரா மீன்

கொதிக்கிற தாச்சியில் ஓரா மீன் விழும்போது 'சொர்' என்று ஒரு சத்தம்... பின்னாலேயே மஞ்சளும் மிளகாய்த்தூளும் சிவக்கிற வாசம். புளித்த கள்ளின் மணத்தையும் தாண்டி றோட்டு வரைக்கும் வரும்.

மன்னாரில் என் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்கள் அந்த வாசத்தில்தான் தொடங்கின.

நான் பெரியமடுப் பக்கம். குளத்து மீன் தின்று வளர்ந்தவன். ஐஸ் கொம்பனியொன்றில் கிளாக்கர் வேலை கிடைத்து மன்னார்த் தீவுக்கு வந்த புதிதில், அங்கே லொறி ஓட்டிய அல்போன்ஸ் அண்ணைதான் என்னை அந்தக் கள்ளுத் தவறணைக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, கள்ளு பிடிக்காட்டிப் பறவாயில்லை. மீனைத் திண்டு பாரும்."

கள்ளு உள்ளே, மீன் வெளியே. கிடுகு வேலியோரம் றோசலின் அக்கா அடுப்பு மூட்டியிருப்பார். பொரித்த மீனைப் பேப்பரில் வாங்கிக்கொண்டு உள்ளே போய், செபமாலை அண்ணையோடு ஒரே நீட்டு மர வாங்கில் நெருக்கி இருப்போம். அவர் கரைவலைக்காரர். கதைக்கத் தொடங்கினால் மற்றவர்கள் வாய் திறக்கேலாது...

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் வந்தால் தவறணை வெறிச்சோடிவிடும். பாதிப்பேர் கள்ளைத் தொடமாட்டார்கள். அல்போன்ஸ் அண்ணையும் அப்படித்தான். ஆனால் உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்த பின்னேரமே திரும்பி வந்துவிடுவார்.

அந்த வருடம் வரவில்லை.

லொறியில் போகும்போது ஏனென்று கேட்டேன்.

"சின்னவள் என்ன கேட்டவள் தெரியுமே? 'அப்பா, இந்த முறை உயிர்த்த ஞாயிறு வராட்டி என்ன?' எண்டு."

அவ்வளவுதான் சொன்னார். அவர் குடித்துவிட்டுப் போன நாட்களில் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த வெள்ளி வந்தார். வாசலைத் தாண்டவில்லை. றோசலின் அக்காவின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி மீன் சாப்பிட்டார். நாங்கள் உள்ளே. வேலிக்கு மேலால்தான் கதை. செபமாலை அண்ணை கத்த, இவர் திருப்பிக் கத்த... பாதி விளங்காது. கடைசியில், "சரி, நான் வாறன்" என்று சைக்கிளை எடுத்தார்.

செபமாலை அண்ணை எழும்பினார். வாங்கின் ஒரு தலைப்பைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மற்றப் பக்கத்தைப் பிடியும்."

தவறணை மனேச்சர் ஓடிவந்தார். "அண்ணை, கள்ளை வெளிய கொண்டுபோகேலாது! லைசென்ஸ் போயிடும்."

"கள்ளு உள்ளுக்கையே கிடக்கட்டும். வாங்கைத்தான் கொண்டுபோறம்."

அல்போன்ஸ் அண்ணை பெடலில் ஒரு காலோடு அப்படியே நின்றார்.

"ஏன் எனக்காக உங்கட கள்ளை விட்டிட்டு வாறியள்?"

"மீன் ஆறுது. இரு."

முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சைக்கிளை வேலியில் சாத்தினார்.

அதோடு எல்லோரும் குடியை விட்டோம் என்று எழுதினால் பொய். உள்ளே போய் ஒரு ஓலைப் பிளா கள்ளுக் குடித்துவிட்டுத்தான் வெளியே வருவோம். ஆனால் வெளியே வந்தவர்கள் திரும்ப உள்ளே போவது குறைந்தது. றோசலின் அக்கா பிளேன்ரீ ஊற்றத் தொடங்கினார். பிறகு பிட்டு அவித்தார். பிறகு ஒரு கொட்டிலும் எழும்பியது. ஒரு வெள்ளி, அல்போன்ஸ் அண்ணை சின்னவளையும் கூட்டிவந்தார். அவள் தகப்பனின் பங்கையும் சேர்த்துத் தின்றாள்.

இப்போது நான் வவுனியாவில். செபமாலை அண்ணை காலமாகிச் சேமக்காலையில்... அல்போன்ஸ் அண்ணை மகளோடு திருகோணமலையில். றோசலின் அக்கா மகனிடம் வெளிநாடு போய்விட்டார்.

போன மாதம் மனைவியோடு மன்னாருக்குப் போனபோது, புதிதாகத் திறந்த ரெஸ்டோரன்ட் ஒன்றில் சாப்பிட்டோம். ஏசி, கண்ணாடி மேசை, தேசிக்காய் வெட்டி வைத்த விளைமீன் பொரியல்.

"மீன் நல்லாத்தானே இருக்கு? பிறகேன் ஒரு மாதிரி இருக்கிறியள்?"

"ஓம், நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

பொய்யில்லை. உண்மையிலேயே நல்ல மீன். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரமானால், "எங்க நிக்கிறீர்? இன்னும் காணேல்லை?" என்று என்னைத் தேட அந்த ஊரில் இப்போது ஒருவருமில்லை...