பொங்கல் டோக்கனும் கடை வாசலும்

கடை வாசலைக் காலியாக வைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். ப்ளஸ் டூ லீவில் எனக்கு அதற்குத்தான் சம்பளம். நேரு வீதியில் வண்டி நிறுத்த இடம் தேடி நாலு ரவுண்டு அடித்த அனுபவசாலிகளே, உங்களுக்கு ஒரு சிரிப்பு நிச்சயம். ஆனால் இப்போதே தரமாட்டேன். இங்கேயும் கொஞ்சம் சுற்றுங்கள்.

எங்கள் ஜவுளிக்கடை வாசல் முழுக்க ஊழியர்களின் வண்டிகளே நிற்கும். முதலாளி பாய் ஒரு திட்டம் போட்டார்: நடந்தோ சைக்கிளிலோ வந்தால் காலையில் பொங்கல், வடைக்கு டோக்கன். வாசலில் இடமில்லாமல் ஒரே ஒரு வாடிக்கையாளர் திரும்பிப் போனாலும், எல்லாருக்கும் கட். டோக்கன் கொடுப்பது நான்.

ஹெல்மெட் நடை

பேன்ட் செக்‌ஷன் சேகர் அண்ணன் கருவடிக்குப்பத்திலிருந்து நடந்தே வந்ததாகச் சொல்லிக் கை நீட்டினார். சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. நான் அதையே பார்த்தேன்.

"வெயிலு மண்டையப் பொளக்குதுடா. நடக்கறவனுக்குத் தலை முக்கியமில்லையா?"

சைக்கிளுக்கும் டிக்கெட்

பில் போடும் முருகன் அண்ணன் கோரிமேட்டிலிருந்து வருபவர். ஒருநாள் லோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். பின்னாலேயே அவருடைய சைக்கிளையும் இறக்கினார்.

"டயர்ல காத்து இல்லடா. பாவம், அத்தினி தூரம் அது நடந்தா வரும்?"

செல்வி அக்கா

நிஜமாகவே நடந்தவர் புடவை செக்‌ஷன் செல்வி அக்கா. வைத்திக்குப்பத்திலிருந்து தினமும், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக வருவார். எல்லார் குரலிலும் மிமிக்ரி செய்து டோக்கன் கேட்டுக் காட்டும் என்னிடம் ஒருநாள் சிரிக்காமல் சொன்னார்:

"விளையாட்டுல இத மட்டும் கெடுத்துடாதடா. இத நம்பித்தான் காலையில நான் அடுப்பே பத்த வைக்கறதில்ல."

ஒரு போன்

மாதக் கடைசியில் வந்தது வினை. வாசலை அடைத்துக்கொண்டு தினமும் ஒரு வெள்ளைக் கார். யாருடையது என்று கடையில் எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் வாயில்லை. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் ஸ்கூட்டர் நிறுத்த முடியாமல், "நாளைக்கு உங்க முதலாளிக்கே போன் போடறேன்" என்று கத்திவிட்டுப் போனார். அவர் முந்துவதற்குள் நான் முந்தினேன். ஸ்டாக் ரூமுக்குள் போய், பாயிடம் இல்லாத நம்பரிலிருந்து, அதே பெரியவர் குரலில், பிரெஞ்சு வணக்கத்தோடு:

"போன்ழூர், முசே! உங்க வாசல்ல ஒரு காரு. என் ஸ்கூட்டருக்கு எடமே இல்ல."

"காரா? எவன் அவன்! இன்னியோட எல்லார் டோக்கனும் கட். நீங்க கார் நம்பரச் சொல்லுங்க சார், எழுதிக்கறேன்."

"ஏழு."

"ஏழு."

"நாலு."

"நாலு."

"ஒண்ணு."

"ஒண்ணு... அப்புறம் ஒம்போதா?"

"எப்படி முசே கரெக்டா சொல்றீங்க?"

மறுமுனையில் பேனா கீழே விழுந்தது. எவ்வளவு அடக்கியும் என் சொந்தக் குரலில் ஒரு சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

"டேய்... நீ டோக்கன் குடுக்கற பய தானே?"

மறுநாள் வாசல் காலி, டோக்கன் பிழைத்தது, வரிசையில் முதல் ஆளாக வியர்த்து விறுவிறுத்து பாய் நின்றதில் எனக்குத்தான் ஒரு வடை குறைந்தது.