சேவ் பண்ணியாச்சா?

இது கட்டிச் சொல்லும் கதையல்ல. நடந்தது நள்ளிரவிலும் அல்ல. ஒரு சனிக்கிழமை காலை, செம்பட்டி சாலையில் உள்ள நூற்பாலை அலுவலகத்தில் நடந்தது. நான் அங்கே டைப்பிஸ்ட். என் கணவர் மரியராஜ் அங்கேயே சிஸ்டம் அட்மினாக இருந்தார். அவர் இறந்து அன்றைக்கு நாற்பத்தொரு நாள்.

சிஸ்டம் அட்மின் என்றால் யார் என்று எங்கள் மேனேஜர் இளஞ்செழியனுக்குக் கடைசிவரை தெரியாது. மவுஸ் நின்றுவிட்டால், "ஏலே மரியராசு, எலி செத்துப்போச்சுலே, வந்து தூக்கிப் போடு" என்று கூவுவார். தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கும் ஜென்மம். இன்டர்காமில் ரிசீவரைத் தூக்குவதுகூட அவருக்குக் கௌரவக் குறைவு. ஸ்பீக்கர் பட்டனைத் தட்டி அதட்டுவதோடு சரி. என் கணவரின் அடக்கத்துக்கு வந்தபோதும், தன் ஈமெயில் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் என்றுதான் விசாரித்தார்.

மாதாந்திர மின்தடை நாளில், கரண்ட் போகும் முன் என் கணவர் ஒவ்வொரு மேசைக்கும் இன்டர்காமில் கேட்பார்: "சேவ் பண்ணியாச்சா?" கரண்ட் போனதும் மேனேஜர் அவரை யூபிஎஸ் அறைக்கு விரட்டுவார். அங்கே ஒயர் சரியில்லை என்று என் கணவர் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். நான்தான் டைப் அடித்தேன். அதற்குப் பிறகும் ஒரு மின்தடையில் உள்ளே போனவர் ஷாக் அடித்து இறந்தார். அறைக்குச் சீல் வைத்தார்கள். யூபிஎஸ்ஸும் அன்றோடு நின்றது.

அன்றும் மின்தடை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும். விசாரணைக்கு வந்திருந்த தொழிற்சாலை ஆய்வாளர் புவனேஸ்வரி, இறந்தவரின் வேலை என்னவென்று எழுதித் தரச் சொல்லிவிட்டு, தள்ளி ஒரு நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் என் மேசைமீது குனிந்தார். வாய் நிறைய முந்திரி.

"அடிம்மா. கம்ப்யூட்டர் பாக்குறது. அம்புட்டுதான். யூபிஎஸ் ரூமு அவன் வேலையில்ல. அவனாப் போனான்."

"நீங்கதான சார் அனுப்புவீங்க?"

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

அடித்தேன். மேனேஜரை இவ்வளவு இகழ்கிறேன். ஆனால் அடித்தவை என் விரல்கள்தான். ஒரே வரியில் என் கணவர் அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிட்டார்.

அப்போது ரப்பர் கருகும் வாடை வந்தது. வேறு யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

8.52. என் இன்டர்காம் அடித்தது. அதன் சின்னத் திரையில் 14.

யூபிஎஸ் அறை.

எடுத்தேன். வெறும் இரைச்சல்... பிறகு அந்தக் குரல்.

"சேவ் பண்ணியாச்சா?"

என் விரல் சேவ் பட்டன் மேல் இருந்தது.

"இல்ல..." என்றேன். விரலை எடுத்துவிட்டேன்.

9.00. கரண்ட் போனது. திரை அணைந்தது. அந்த வரியும் போனது.

ஏசி நின்றது. ஜன்னல் இல்லாத அலுவலகம். இருட்டு.

9.01.

டிர்ர்... டிர்ர்...

மேனேஜர் மேசையில். அதன் திரையிலும் 14.

எரிச்சலோடு ஸ்பீக்கரைத் தட்டினார். பழகிய வாய் தானாகவே பேசியது.

"ஏலே மரியராசு, யூபிஎஸ் ரூமுக்குப் போயி என்னன்னு பாருலே!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"சரி சார்... போறேன்."

ஸ்பீக்கரில் அதே குரல். கிளிக்.

டீ கிளாஸை வைக்கும் சத்தம்.

"யாரை சார் போகச் சொன்னீங்க?" என்றார் ஆய்வாளர்.

அவர் செல்போன் வெளிச்சத்தை மேனேஜர் பக்கம் திருப்பினார். வாயில் முந்திரி அப்படியே இருந்தது. மெல்ல முடியவில்லை.

ஆய்வாளர் என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "நீங்க எழுதுங்கம்மா."

கையால் எழுதினேன். ‘கரண்ட் போனால் நாங்கள் எல்லோரும் வெளியே வருவோம். அவர் மட்டும் உள்ளே போவார். அதுதான் அவர் வேலை. போகச் சொன்னவர் மேனேஜர்.’

மாலையில் எலக்ட்ரீஷியன் ரஃபியிடம் கேட்டேன். "பதினாலாம் நம்பர் போன் அந்த ரூம்லதான இருக்கு?"

"இல்லக்கா. அது உருகிப்போச்சே. அன்னிக்கே போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"காலைல ஒம்பது ஒண்ணுக்கு அதுல இருந்து அடிச்சுச்சு, ரஃபி."

அவன் கையிலிருந்த டெஸ்டரைப் பைக்குள் போட்டான்.

"ஒம்பது மணிக்கு மேல எந்த போனும் அடிக்காதுக்கா. இன்டர்காம் பெட்டியே கரண்ட்லதான ஓடுது..."