இரண்டு மணிக்கு மேல் என் தோள்பட்டை

கம்பெனி பஸ் நிற்பதற்கு முன்பே எழுந்து படியருகே போய் நிற்பது எங்கள் ஷிப்டின் பழக்கம். வாசலில் ஒரே ஒரு பஞ்ச் மெஷின். முதலில் இறங்கினால் முதலில் கார்டு அடிக்கலாம்; ஒரு நிமிடம் பிந்தினாலும் நேரம் சிவப்பு மையில் விழும். 1991 தொடக்கத்தில் ஒரு காலை, படப்பை தாண்டி வந்த பஸ்ஸில் நானும் அப்படித்தான் எல்லாருக்கும் முன்னால் நின்றேன். குறுக்கே ஒரு எருமை வந்தது, டிரைவர் பிரேக் போட்டார். நெற்றி கம்பியிலும் பின்மண்டை படியிலும் மோதின. அன்று என் கார்டில் சிவப்பு, நீலம் எதுவும் விழவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

எலும்பு உடையவில்லை, உள்ளே ரத்தம் கட்டவில்லை. சில மாதம் களைப்பு இருக்கும், கழுத்தும் தோளும் இறுகும், அவசரப்படாதே என்றார் டாக்டர். மூன்றையும் நோட்டில் வரிசையாக எழுதினேன். மூன்றாவதை எழுதியதோடு சரி.

ஒரகடம் பக்கம், வண்டிகளுக்கு ‘பின்’ என்னும் இரும்பு முளைகளைக் கடையும் சின்னத் தொழிற்சாலை அது. டிப்ளமோ முடித்த கையோடு, கடைந்ததை அளந்து சரிபார்க்கும் ஆய்வுப் பிரிவில் சேர்ந்திருந்தேன். அந்தப் பிரிவுக்கு எடுத்த முதல் பெண் நான்தான். ஜூனில் பயிற்சி முடியும். அதன்பின் ஆய்விலேயே நிரந்தரம், இல்லையென்றால் பேக்கிங். அதனால் களைப்பைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

களைப்பு என்றால் தூக்கம் அல்ல. மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. அப்படி ஒரு நிலை. காலையில் நன்றாக இருப்பேன். சாப்பாட்டுக்குப் பிறகு, எதிரே இருப்பவர் பேசும் வாக்கியத்தின் முடிவு வரும்போது அதன் தொடக்கம் எனக்கு மறந்து போயிருக்கும். தோள்கள் தாமாக மேலே ஏறிக் காதுக்குப் பக்கத்தில் நிற்கும். இறக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி ஏறும்.

படித்தவள் என்ன செய்வாள், அட்டவணை போட்டேன். லேத்துக்குப் பராமரிப்பு அட்டை இருப்பது போல எனக்கும் ஒன்று. மணி, களைப்பு பத்துக்கு எத்தனை, கழுத்து எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது, தலைவலி உண்டா இல்லையா. கழுத்துக் கோணத்தை ஒரு நாள் பாகைமானி வைத்தே அளந்தேன். இரண்டு மணிக்கு மேல் எல்லாக் கட்டமும் மோசம் என்று ஒரு மாதத்து அட்டவணை தெளிவாகக் காட்டியது. அதைப் பார்த்து நான் எடுத்த முடிவு, அட்டவணையில் இன்னும் இரண்டு கட்டம் சேர்ப்பது.

கழுத்துக்குப் பத்து முறை பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார்கள். பத்தில் குணமாவது நாற்பதில் நான்கு மடங்கு சீக்கிரம் குணமாகும் என்று கணக்கிட்டேன். மறுநாள் கழுத்து அசையவே இல்லை. யாராவது கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. பேக்கிங்கில் வேலை செய்த வடக்குப்பட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சாமி புறப்பாடு மாதிரி திரும்பிக்கினு கீற? நாங்க வடம் புடிக்கணுமா?" என்று கேட்டார். தலையணை சரியில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

மே மாதம் ஒரு பிற்பகல் அது நடந்தது. இரண்டாம் லேத்தில் இருந்தவர் பன்னிரண்டு வருட அனுபவசாலி. அவருடைய ட்ரேயிலிருந்து ஒரு பின்னை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தேன். பதினாலே முக்கால் இருக்க வேண்டியது பதினாலே காலாக இருந்தது. இன்னும் இரண்டை அளந்தேன், அதே அளவு. அரை மில்லிமீட்டர் குறைவு.

அவர் பின்னின் அளவு பார்க்கும் தன்னுடைய கேஜைப் போட்டுக் காட்டினார். பின் அதில் சரியாகவே நுழைந்தது. கேஜ் தேய்ந்திருக்கும் என்று அதையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஆய்வாளர் முத்திரை குத்திச் சிவப்பு அட்டை கட்டினால் ஆபரேட்டர் எதிர்த்துப் பேசக் கூடாது, ட்ரேயைத் திறக்கவும் கூடாது. அது எங்கள் விதி. போன வாரம் அந்த மெஷினில் வெட்டும் ஆழத்தை நிறுத்தும் ஸ்டாப்பர் நழுவியிருந்ததால், இதுவும் அதுதானோ என்று அவரும் சந்தேகப்பட்டு, அரை மில்லிமீட்டர் கூடுதலாக வரும்படி மாற்றி வைத்தார். கையில் கேஜ் இல்லாமல் ஷிப்ட் முடியும்வரை அப்படியே ஓட்டினார்.

மறுநாள் காலை, அவர் கடைசியாகக் கடைந்த அத்தனை பின்னும் அரை மில்லிமீட்டர் பெரிதாக இருப்பதை அடுத்த ஷிப்டின் ஆய்வாளர் கண்டுபிடித்திருந்தார். லேத்துக்காரருக்கு மெமோ தயாராகிக்கொண்டிருந்தது. மாற்றி வைத்தவர் அவர்தான் என்பதால் யாரும் என்னைக் கேட்கவில்லை.

நான் என் சிவப்பு அட்டை ட்ரேயை எடுத்து மறுபடி அளந்தேன். எட்டே கால் மணி, களைப்பு பத்துக்கு இரண்டு. எல்லாம் பதினாலே முக்கால். எல்லாம் நல்ல பின்கள். மைக்ரோமீட்டரில் அரை மில்லிமீட்டருக்கென்று தனியாக ஒரு சின்னக் கோடு உண்டு. அதைப் பார்க்காமல் விட்டால் சரியாக அரை மில்லி குறையும். பாலிடெக்னிக்கில் முதல் வாரமே எச்சரிக்கும் தவறு. அன்று அதைச் செய்த பையனைப் பார்த்துச் சிரித்தவர்களில் என் சிரிப்புச் சத்தம்தான் அதிகம்.

அந்த ட்ரே ஸ்கிராப்புக்குப் போய்விட்டால் விஷயம் முடிந்தது. பயிற்சி முடிய ஐந்து வாரம் இருந்தது. சொன்னால், சொல்லாவிட்டால் என்று இரண்டு பத்தியாக எழுதிப் பார்க்கலாம் என்று நோட்டைத் திறந்தேன். சொல்லாவிட்டால் என்ற பத்தி நன்றாக நீளமாக வந்தது. நான்காவது காரணத்தை எழுதும்போது, அது மெமோ வாங்கப்போகிறவரின் காரணம் அல்ல, என்னுடையது என்று தெரிந்தது. நான்கும் அப்படித்தான்.

நோட்டையும் ட்ரேயையும் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். தவறு என்னுடையது, அடிபட்டதிலிருந்து பிற்பகலில் எனக்குக் கண்ணும் கையும் ஒத்துழைப்பதில்லை, மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். மனப்பாடம் செய்துகொண்டு போனதால் வானொலிச் செய்தி போல இருந்திருக்கும். அவர் அட்டவணையை நிதானமாகப் புரட்டினார்.

"ரெண்டு மணிக்கு மேல முடியலன்னு மார்ச்லயே தெரிஞ்சிருக்கு."

"ஆமாம் சார்."

"தெரிஞ்சு இன்னா பண்ண?"

"கட்டம் கூட்டினேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. மெமோவைக் கிழித்தார். ஜூனில் என்னை நிரந்தரம் செய்ய முடியாது, பயிற்சியை ஆறு மாதம் நீட்டிக்க எழுதப்போவதாகச் சொன்னார். அதுவரை அளப்பதெல்லாம் காலையில். இரண்டு மணிக்கு மேல் நான் மைக்ரோமீட்டரைத் தொடக் கூடாது, ரிப்போர்ட் எழுதலாம். சாப்பாட்டு நேரத்தில் படுக்க வேண்டுமென்றால் பேக்கிங்கில் இடம் கேட்டுக்கொள்ளலாம். பேக்கிங் என்றதும் தோள் காதுவரை ஏறியது. படுக்க மட்டும்தான் என்று புரியக் கொஞ்சம் நேரமானது.

லேத்துக்காரரிடம் கேஜைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கேஜுக்கு ஒண்ணும் ஆவல மேடம். உனக்குத்தான் தேஞ்சி கீது. அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா?" என்றார். பிறகு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அதையும் நான் நியாயம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்று மதியம் வடக்குப்பட்டு அக்கா நான்கு அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்துக் கொடுத்தார். இருபது நிமிடம் படுத்தேன். முதல் பத்து நிமிடம் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குவதுபோல நடித்தேன். யாரும் பார்க்கவில்லை, அவர்களுக்கு ஆணி அடிக்க மரப்பெட்டிகள் இருந்தன. மீதிப் பத்து நிமிடம் நிஜமாகவே தூங்கினேன். எழுந்தபோது தோள்கள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மணி ஒன்றே முக்கால். போய் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன்.