தம்பி கொண்டுவந்த மண்

வீட்டின் பின்புறம் ஹாலோ பிளாக் கல்லை மூன்று வரிசை அடுக்கி, கீரை போட இரண்டு மேட்டுப்பாத்திகள் கட்டினோம். மண்ணை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டியவன் என் தம்பி. ஏரி வண்டல் என்றான். என் ஏழு வயது மகள் தினமும் தண்ணீர் ஊற்றினாள். தான் வளர்த்தது என்பதால் கீரையை மறுக்காமல் சாப்பிட்டாள்.

மூன்றாம் மாதம் பெரிய மழை பெய்தது. கல் இடுக்கில் கசிந்த தண்ணீர் ஊதா நிறத்தில் ஓடியது. தம்பிக்கு ஃபோன் செய்தேன்.

"சாயப்பட்டறைக்குப் பின்னால அள்ளுனதுங்க்கா. செடி நல்லாத்தான வந்துச்சு?"

"உன்ற ஊட்டுலயும் இதைத்தான் போட்டியா?"

"போட்டேனுங்க்கா. பூச்செடிக்கு மட்டும்."

மகளுக்கு ரத்தம் சோதித்தாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனாலும் அவள் வயிறு வலிக்கிறது என்றால் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன்.

அந்த மழைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தம்பி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். மகள் தன் கையால் அவன் இலையில் கீரைப் பொரியல் வைத்தாள். "மாமனுக்கு வவுறு நெறஞ்சிருச்சு சாமி" என்று அதை ஓரமாக ஒதுக்கினான். அவள் இரண்டாம் முறை கீரை வாங்கிக்கொண்டதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.