என்ன குழம்பு என்று கையால் கேட்போம்

காலை நாலரை மணிக்கு எழுந்து அடுப்பு முன்னால் நின்று, இன்றைக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசிப்பதைப் போல அலுப்பான வேலை வேறு கிடையாது. வீட்டில் யாரைக் கேட்டாலும் "எதையாவது வை" என்பார்கள். வைத்த பிறகு முகத்தைச் சுளிப்பார்கள். எதையோ கிண்டி, தூக்குச்சட்டியில் எனக்கும் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் பிடித்து ஏழு மணிக்குள் ராஜபாளையம் மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும். எண்பதுகளின் கடைசியில் என் பிழைப்பு இதுதான்.

நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் செக்‌ஷனில் நாங்கள் நான்கு பெண்கள் ஒரு செட்டு. மிஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. எல்லாம் கைச்சாடைதான். பத்து மணி வாக்கில் யாராவது ஒருத்தி வயிற்றைத் தட்டிப் புருவத்தை உயர்த்துவாள். என்ன குழம்பு என்று அர்த்தம். கையைப் பிசைந்து காட்டினால் புளிக்குழம்பு. விரலை வளைத்து வட்டம் போட்டால் முட்டை. உள்ளங்கையை நெளித்தால் மீன். மதியம் யார் எதைப் பங்கு வைப்பது என்பது அப்போதே முடிவாகிவிடும். இடுப்பு ஒடிய நிற்கும் எட்டு மணி நேரத்தில் எங்களுக்கு இருந்த ஒரே பேச்சு அது.

நால்வரில் ஒருத்தியின் புருஷன் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். அதற்கு மேல் லீவு இல்லை. துக்க வீட்டுக்காரியிடம் போய் என்ன குழம்பு என்று கேட்பதா? எங்களுக்கு அது மரியாதையாகப் படவில்லை. ஒருத்தியும் அவளைப் பார்த்து வயிற்றைத் தட்டவில்லை. மதியம் எங்களோடுதான் உட்காருவாள். கொண்டுவந்ததைத் தானே தின்றுவிட்டு எழுந்துவிடுவாள்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் இன்னொருத்தி என்னைப் பார்த்து உள்ளங்கையை நெளித்தாள். பிளவக்கல் அணை மீன் கிடைக்கும், நாளைக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஏன் என்று கையை விரித்தாள். எங்களுக்குள் ஆளுக்கும் ஒரு சாடை உண்டு. புருஷனை இழந்தவளை மூக்குத்தியைத் தொட்டுக் காட்டுவோம். அன்றைக்கு எனக்கு என்ன பிடித்ததோ, விரல் மூக்குக்குப் போகவில்லை. நெற்றிப் பொட்டைத் துடைப்பது போல இழுத்துக் காட்டினேன். வருஷம் திரும்புகிற வரைக்கும் அவள் முன்னால் மீன் கூடாது என்பது என் எண்ணம்.

ரகசியம் பேசுவதாக நினைப்பு வேறு. எங்கள் சாடை செக்‌ஷன் முழுக்கத் தெரியும். எதிர் மிஷினில் நின்று மூக்குத்திக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அறுந்த நூலை முடிச்சுப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் வந்து உட்கார்ந்தாள். சட்டியைத் திறக்கவில்லை.

"எம் புருசன் செத்தது எனக்குத் தெரியாதாக்கும்? நீ வேற தொடச்சுக் காட்டணுமாட்டி?"

"தெரியாமப் பண்ணிட்டேன். ஒனக்கு முன்னால மீன் வேண்டாம்னுதான்..."

"வேணுமா வேண்டாமான்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டியா? வீட்லயும் ஒருத்தரும் கேக்கல. பிள்ளைகளுக்கு ஆக்குதேன், மிஞ்சுனதத் திங்கேன். இங்கயாவது கேப்பீகன்னுதான் வந்தேன்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அதையும் அவள் பார்க்கவில்லை.

மறுநாள் மீன் வந்தது. நான்கு பேரும் பங்கு வைத்துத் தின்றோம். உப்பு கம்மி என்றாள். அன்றிலிருந்து மற்ற இருவரையும் பார்த்துப் பழையபடி வயிற்றைத் தட்டுவாள். நான் என் மிஷினிலிருந்து நானாகவே கையைப் பிசைந்து காட்டுவேன். சூப்பர்வைசருக்குத் தலையாட்டுவது போல ஆட்டிவிட்டு நூலைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த மில்லில் இருந்தேன். என்ன குழம்பு என்று ஒரு நாள்கூட அவள் என்னைக் கேட்கவில்லை.